பூட்டிய வீட்டுக்குப் போன மூன்றாவது கார்டு

தூத்துக்குடியில் முன்னொரு சமயம் சுகிர்தா என்று ஒரு பெண் இருந்தாள். வீடு விற்கிறவரைத் தேடிப் பிடித்து, விலை பேசி அக்ரிமெண்ட் போட்டு, அதை வாங்குகிறவருக்குக் கைமாற்றி விடுகிற தொழிலுக்குப் புதுசு. ஊரில் பூட்டிக் கிடக்கிற நாற்பது வீடுகளை நடந்தே குறித்து வந்து, வீட்டை விற்கிறீர்களா என்று கேட்டு நாற்பதுக்கும் தபால் கார்டு எழுதிப் போட்டாள். ஒரு பதிலும் இல்லை. மறுமாதமும் போட்டாள். அப்போதும் இல்லை.

மூன்றாம் தடவை எழுதும்போது அதில் ஒரு கார்டிடமே சொல்லிவிட்டாள்: "இதுதான் கடைசி. சனிக்கிழமைக்குள்ள ஒரு போனாவது வரலன்னா, திங்கக்கிழமை பழையபடி ஐஸ் கம்பெனி வேலைக்குப் போயிருவேன்."

அதைக் கேட்ட கார்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தபால் பைக்குள் மற்ற கார்டுகளை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. "வழி விடுங்க! எங்க அக்காவுக்கு நான்தான் போன் வர வைக்கப்போறேன்!"

வெள்ளிக்கிழமை காலையில் தபால்காரர் ஒரு பச்சைக் கதவுக்கு அடியில் அதைச் செருகினார். பாதிதான் போனது. அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

"யாரது உள்ள? தள்ளுங்க, அவசரம்!" என்று கத்தியது கார்டு.

"தள்ள எடமில்லடே" என்று முனகல் வந்தது. பார்த்தால் அதே கையெழுத்து! முதல் மாதக் கார்டும் இரண்டாம் மாதக் கார்டும் நிலைப்படி மணலில் சிக்கி, ஒன்றின்மேல் ஒன்றாய்க் கிடந்தன.

மேலே தொங்கிய பூட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "ஏலே, வீட்டுக்காரர் தனசிங் ஓசூருக்குப் போயி ஆறு வருசமாச்சு. ஆளில்லன்னுதான என்னய மாட்டிருக்கு? பூட்டுக்குக் கடுதாசி போட்ட மொத ஆளு உங்க அக்காதான்!"

கார்டுக்கு அழுகை முட்டியது. உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. அந்நேரம் பார்த்துக் கடல்காற்று வேறு. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதி, படபட படபடவென்று அடித்துக்கொண்டது.

மீன்காரியைக் கூப்பிட வெளியே வந்த எதிர்வீட்டு ஜெபமணி அதைப் பார்த்துவிட்டாள். "இதென்ன, அண்ணாச்சி வீட்டுக்குக் கடுதாசி?" உருவினாள். கூடவே மற்ற இரண்டும் மணலோடு வந்தன. படித்தாள். மீனை மறந்தாள். போனை எடுத்தாள்.

"அண்ணாச்சி, ஜெபமணி பேசுதேன். வீட்டை விக்கியளான்னு ஒரு பிள்ள கேட்டு எழுதிருக்கு. ஒண்ணு இல்ல, மூணு கார்டு!"

"மூணா?" தனசிங்குக்குக் குரலே மாறிவிட்டது. "ஜெபமணி, வித்துரணும்னு ரெண்டு வருசமா நெனைக்கேன். யார்கிட்டச் சொல்லன்னு தெரியாமத்தான் கெடக்கேன். நம்பரைச் சொல்லு, இப்பவே பேசுதேன்!"

ஜெபமணி ஒவ்வொரு எண்ணாக வாசிக்க வாசிக்க, மூன்றாவது கார்டு அவள் கையிலேயே துள்ளியது. "பாத்தியளா! ரெண்டு மாசமா உங்களால ஆகாததை ஒரே காலையில முடிச்சுட்டேன்!"

முதல் கார்டு மேலிருந்த மணலை உதறிக்கொண்டது.

"நாங்க வழி விட்டிருந்தா நீயும் உள்ளதானடே கெடந்திருப்ப."