கழுவிய டம்ளர்

திண்டுக்கல்லில், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடும் லினக்ஸைக் கற்றுக்கொடுத்த மாசிலாமணியைச் சீடர்கள் குரு என்றே அழைத்தார்கள். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லமாட்டார். அதற்காகவே கூட்டம் சேர்ந்தது.

சீடர்களில் ஜெசிந்தா அவரைவிட வயதில் மூத்தவர். அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒருநாள் கேட்டார்.

"சார், என் பழைய லினக்ஸுக்கு இனிமே அப்டேட் வராதாம். வேற லினக்ஸுக்கு மாறணும். என் ஃபைலெல்லாம் இருக்கிற ஹோம் ஃபோல்டரை அப்படியே வச்சுக்கவா, இல்ல அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கவா?"

குருவின் முன்னால் ஆறிப்போன டீ இருந்தது. எழுந்துபோய் அதைக் கொட்டினார். டம்ளரைக் கழுவினார். பிளாஸ்கிலிருந்து சூடான டீயை ஊற்றி ஜெசிந்தாவிடம் நீட்டினார். வாயே திறக்கவில்லை.

சுற்றியிருந்தவர்கள் ஆகா என்றார்கள். ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. குருவைக் கைகூப்பிக் கும்பிட்டார்.

வீட்டுக்குப் போனவர் அவசரப்படவில்லை. ஹோம் ஃபோல்டரைத் திறந்து, கண்ணில் பட்ட படம், பாட்டு, ஆவணம் அத்தனையையும் பென் டிரைவில் ஏற்றினார். விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று திரும்பவும் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிய லினக்ஸைப் போட்டார். கம்ப்யூட்டர் பறந்தது.

மறுநாள் மெயில் மென்பொருளைத் திறந்தார். புதிதாகக் கணக்குத் தொடங்கச் சொன்னது.

குவைத்திலிருந்த தம்பி அமலன், சாகும்வரை அக்காவுக்கு எழுதிய மெயில்கள் அதில்தான் இருந்தன. சர்வரில் இடமில்லை என்று அவற்றைக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு, அங்கே எப்போதோ அழித்திருந்தார். லினக்ஸில், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருந்தால் அந்த ஃபோல்டர் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. மெயில்கள் கிடந்தது அப்படியொரு ஃபோல்டரில். கொடுமையைப் பாருங்கள், விட்டுப்போன புள்ளியைத் தேடிப் பிடிப்பதுதான் அவர் பிழைப்பே.

குரு கம்ப்யூட்டரை வாங்கி என்னென்னவோ செய்து பார்த்தார். பழையது இருந்த இடத்தில் புதியது ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒரு மெயில்கூட மீளவில்லை.

ஜெசிந்தா அழவில்லை. கேட்டார்.

"மெயிலெல்லாம் அந்த மறைஞ்ச ஃபோல்டர்ல இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும்க்கா."

"அன்னைக்கு நான் கேட்டப்ப ஞாபகம் வரலையா?"

"வந்துச்சு."

"அவன் குரல்கூட என்கிட்ட இல்ல சார். எழுத்துதான் இருந்துச்சு. மெயிலை எடுத்து வச்சுக்கோங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

குரு, மேசையில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா, சரி சார்னு போயிருப்பீங்க," என்றார். "டம்ளரைக் கழுவினதாலதான் கும்பிட்டீங்க."