வெட்சி சொன்ன கடைசிச் சொல்

அந்தக் காலத்தில் ஆடு மாடுகளுக்கும் மரம் செடிகளுக்கும் பேசுகிற வாய் இருந்தது. நம்மைவிடக் குறைவாகப் பேசின, அவ்வளவுதான். இன்று இட்லிப்பூ என்று பிள்ளைகள் பறித்துத் தேன் உறிஞ்சுகிற வெட்சி, அப்போது இடுப்பளவுச் செடி இல்லை. மலையடிவாரத்துச் செம்மண்ணில் தென்னைக்கு ஈடாக நின்ற பெருமரம். மழை அடித்துக்கொண்டு வந்த சருகெல்லாம் அதன் காலடியில் மக்கி மக்கி, மண்ணே புளித்துக் கிடக்கும். வெட்சிக்கு அதுதான் அமுதம்.

அங்கே விறகு பொறுக்க வருவாள் மாடத்தி. சுக்கான் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குகிற காளவாய்க்காரி. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. பேச்சுத் துணைக்கு இந்த வெட்சி ஒன்றுதான். அவள் தலை தெரிந்ததுமே வெட்சி காய்ந்த கிளைகளைத் தானாக உதிர்த்துப் போடும். சுண்ணாம்பு அரித்த கைகளோடு அவள் நிழலில் உட்கார்ந்தால், மடி நிறையப் பூவைக் கொட்டும்.

வாங்கிக்கொண்டே இருக்கிறோமே, ஒன்றும் கொடுக்கவில்லையே என்பது மாடத்தியின் மனக்குறை. கொடுக்காமல் அவளால் இருக்க முடியாது. சுண்ணாம்பு வாங்க வருகிறவர்களைச் சோறு போடாமல் அனுப்பமாட்டாள். போதும் போதும் என்று அவர்கள் இலையைக் கையால் மறைத்தால், விரலிடுக்கில் குழம்பை ஊற்றுவாள். போதும் என்பது விருந்தாளிக்கு அழகு, இன்னொரு கரண்டி போடுவது வீட்டுக்காரிக்கு அழகு என்று வளர்ந்தவள்.

ஒரு கோடையில் வெட்சியின் அடிமரத்தில் கறையான் ஏறியது. மாடத்திக்குப் பதறியது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும்தான், கடைசியில் தன்னாலும் ஒன்று செய்ய முடிகிறதே என்று. ஓடிப்போய், புதிதாகச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பில் இரண்டு பானை கொண்டுவந்தாள்.

"வேண்டாங்க்கா," என்றது வெட்சி. "எனக்கும் சுண்ணாம்புக்கும் ஒத்துக்கிடாது. ஒரு மழை பேஞ்சா கறையான் தானா எறங்கிரும்."

"சும்மா கெடட்டி. தென்னைக்குப் பூசுதேன், மாமரத்துக்குப் பூசுதேன், எதுக்கு என்ன ஆச்சு? எங்கிட்ட ஒனக்கு என்ன கூச்சம்?"

முதல் பானையை அடிமரம் முழுக்க வெள்ளை வெளேரென்று பூசினாள்.

"போதும்க்கா."

"போதும்னு சொன்னா இன்னும் ஒரு கை!" என்று சொல்லி, வேரைச் சுற்றிக் குழி பறித்து இரண்டாவது பானையையும் ஊற்றினாள்.

"போதும்," என்றது வெட்சி மறுபடியும். குரல் கம்மியிருந்தது. மாடத்தி சிரித்துக்கொண்டே பானையில் ஒட்டியிருந்ததையும் வழித்துப் போட்டுவிட்டுத்தான் போனாள். பாவி, அத்தனையும் பிரியம்.

கறையான் செத்தது நிஜம். எட்டாம் நாள் அவள் வந்தபோது கிளை உதிரவில்லை, பூ கொட்டவில்லை. இலையெல்லாம் மஞ்சள் பூத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. "ஏட்டி வெட்சி! ஏட்டி!" என்று மரத்தை உலுக்கினாள். பதில் இல்லை.

பக்கத்தில் ஓர் எருமை மேய்ந்துகொண்டிருந்தது. அதனிடம் ஓடினாள்.

"அது புளிப்புல பொறந்தது," என்றது எருமை. "உன் சுண்ணாம்பு அந்தப் புளிப்பத் தின்னுட்டு. அது உங்கிட்ட சொல்லலையா?"

"சொல்லிச்சு," என்றாள் மாடத்தி. "மூணு தடவ சொல்லிச்சு."

"பெறகு?"

மாடத்தி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எருமைக்கு மனசு இளகியது. "என் பாலக் கறந்து, ஒறைய வச்சு, மோராக்கிப் புளிக்க விடு. அத ஊத்திப் பாரு."

மரத்தில் இருந்த சுண்ணாம்பை நகத்தாலேயே சுரண்டினாள். வேரடி மண்ணை அள்ளி எறிந்துவிட்டு, மலையிலிருந்து மக்கிய சருகைக் கூடை கூடையாகச் சுமந்துவந்து போட்டாள். தினமும் புளித்த மோர் ஊற்றினாள். ஆனாலும் பெருமரம் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டே வந்து, ஆடிக் காற்றில் சாய்ந்தது. அவள் அதை விறகுக்குக்கூடத் தொடவில்லை.

ஐப்பசி மழையில் வேரோரம் ஒரு துளிர் வந்தது. முழங்கால் உயரம், பிறகு இடுப்பு உயரம். அதற்குமேல் வளர மாட்டேன் என்று நின்றுவிட்டது. கொத்துக் கொத்தாகச் சிவப்பாய்ப் பூத்தது.

மாடத்தி அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். "ஏட்டி, ஒரு வார்த்த ஏசவாவது செய்யேன்."

வெட்சி பேசவில்லை. அவள் உயிரோடு இருந்த மட்டும் பேசவில்லை. பின்னாளில் அவள் வீட்டில் யாராவது போதும் என்றால், தூக்கிய கரண்டி அந்தரத்திலேயே நின்றுவிடும்.

அன்று முதல்தான் வெட்சி உயரமாக வளர்வதும் இல்லை, வாய் திறப்பதும் இல்லை. சுண்ணாம்புச் சுவரோரம் வைத்தால் இலையை மஞ்சளாக்கிக் காட்டுகிறது, நாமும் புளித்த மோரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், வாயால் சொன்னபோது கேட்காதவர்கள்.