எண்ணெய்க் குளியலுக்கு நடுவே ஓர் ஆணை

வெகு காலத்துக்கு முன்னால் ஒரு கடலோர நாட்டைக் கடுங்கோவன் என்ற ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் இல்லை, மூக்கு நுனியில் கோபம், அவ்வளவுதான். ஆனால் ராஜாவுக்குக் கோபம் வந்தால் நமக்குத் தலையல்லவா போகும்?

ஒருநாள் பட்டத்து யானை செங்கமலம் என்ற உப்பளத்துப் பெண்ணின் உப்புப் பாத்தியை மிதித்து நாசமாக்கிவிட்டது. அவள் சபைக்கு வந்து நியாயம் கேட்டாள். ராஜா அவளைப் பேசவே விடவில்லை. "என் யானையைப் பழிக்கிறாயா? நாளைக்கு இவளைக் கழுவேற்றுங்கள்" என்றான்.

மந்திரி அரவணையார் எழுந்து நின்றார். "ஒரு வார்த்தை விசாரிக்கலாமே, பிரபு."

மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த தளபதி மாறநம்பி குறுக்கே பாய்ந்தான். "அரியணையிலிருந்து வரும் சொல்தான் சட்டம். விசாரணை என்ன வேண்டிக்கிடக்கிறது?" ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் ராஜாவுக்கு முடிசூட்டிய நாளின் ஆண்டு விழா. அன்று ராஜா முடியைக் கழற்றிவைத்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பான். குளித்து வரும்வரை அரியணை காலியாக இருக்கக் கூடாது, யாராவது முடிசூடி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். மாறநம்பி முந்திக்கொண்டு வந்து நின்றான்.

"தளபதிக்கு இறங்க மனம் வருமோ என்னவோ," என்றார் அரவணையார். "செங்கமலத்தை உட்காரவைப்போம். சாகப் போகிறவளுக்கு நாற்காலி ஆசை ஏது?"

ராஜாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்படியே ஆகட்டும்."

அவள் படியேறும்போது அரவணையார் காதோடு சொன்னார்: "உன்னை நீயே விடுதலை செய்துகொள், தாயி."

செங்கமலம் முடிசூடி உட்கார்ந்தாள். வழக்கப்படி சபை வணங்கியது. தலையில் எண்ணெய் வழிய ராஜா குளியலறை வாசலிலிருந்து வேடிக்கை பார்க்க எட்டிப் பார்த்தான்.

"அந்த ஆளைப் பிடிச்சுக் கழுவேத்துங்க" என்று ராஜாவைக் கைகாட்டினாள் செங்கமலம்.

காவலர்கள் மாறநம்பியைப் பார்த்தார்கள். நேற்றுச் சொன்னதை அவனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவர்கள் போய் ராஜாவின் தோளைப் பிடித்தார்கள்.

"நான் என்ன தப்புச் செய்தேன்?" ராஜா திமிறினான். "என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

"வேணுமில்ல?" என்றாள் அவள். "இந்த இடத்துல இனி யாரு உக்காந்தாலும் சரி, கேக்காம ஒருத்தரையும் தண்டிக்கக் கூடாது. அப்படித் தண்டிக்கச் சொன்னா காவக்காரங்க கை வைக்கக் கூடாது. இது அரியணைச் சொல்லு."

காவலர்களின் கை தானாக விலகியது. தாம் ஓர் உயிரை மட்டும்தான் நினைத்தோம் என்று அரவணையாருக்கு வெட்கமாகக்கூட இருந்தது. தன் விடுதலையைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. முடியைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு, இறங்கி வந்து குற்றவாளி நிற்கும் இடத்தில் நின்றுகொண்டாள்.

ராஜா ஈரம் சொட்டச் சொட்ட ஏறி உட்கார்ந்தான்.

"பிரபு, இவளை இப்போதே..." என்று ஆரம்பித்தான் மாறநம்பி.

"நீ சொன்ன சட்டம் என் கழுத்துவரை வந்தது. போய் வாசலில் நில்" என்றான் ராஜா. பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"சொல்லம்மா. யானை என்ன செய்தது?"