இயக்குநர் அறைச் சுவர்த்திரை

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் காலையிலிருந்து போன்கள் ஓயாமல் அலறின. அழைப்பவரின் முகவரி கணினியில் வர நாற்பது விநாடி ஆனது. அதற்குள் யாருக்கு என்ன ஆகுமோ?

இயக்குநர் சந்தானகோபாலன், கணினி பராமரிக்கும் இருளப்பனைத் தன் அறைக்கு அழைத்தார்.

"அஞ்சு நிமிஷத்துல சரியாகணும். இல்லன்னா நாளைக்கு வராதே."

"நீங்க பார்க்கிறதாலதான் மெதுவாகுது, ஐயா."

"நக்கலா?"

"வேகத்தைக் காட்டுற உங்க சுவர்த்திரை, பத்து வருஷ அழைப்புகளையும் விநாடிக்கு ஒருதரம் முதல்லேர்ந்து எண்ணச் சொல்லுது. கணினிக்கு முகவரி தேட நேரமே இல்ல."

"பிடுங்கிப் பார். வேகம் வரலன்னா அப்படியே வீட்டுக்குப் போ."

இருளப்பன் திரையின் இணைப்பைப் பிடுங்கினான். கூடத்தில் முகவரிகள் உடனுக்குடன் வந்தன, வண்டிகள் கிளம்பின.

இயக்குநர் இருண்ட திரையைப் பார்த்தார். "வேகம் எவ்வளவுன்னு இனி எனக்கு எப்படித் தெரியும்?"

"கதவைத் திறந்து வைங்க, ஐயா. போன் எவ்வளவு நேரம் அடிக்குதுன்னு காதுல கேட்கும்."