குறையில்லாத வண்டி

"இது எவ்வளவு வேகம் போகுமுங்க அம்மிணி?" என்று நாச்சிமுத்து கேட்டான்.

ஜெசிந்தா ஸ்பேனரை எடுத்தார். வண்டியின் வேகமானியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார்.

"வீட்டுக்குக் கொண்டு போங்ணா. டிராக்ல இதுக்கு வேலை இல்லை."

நாச்சிமுத்து பொள்ளாச்சியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவன். வயது நாற்பத்தாறு. சட்டைக்குள் அடங்காத சிறு தொப்பை. அவனுடைய அந்த பைக், பத்திரிகைக் கட்டுகளைச் சுமந்து ஊர் ஊராகப் போய்ப் பழசான வண்டி. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் டேங்க் இடுக்கில் இன்னும் ஒட்டியிருந்தது.

ஜெசிந்தா அவனைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். பந்தயங்களில் ஜெயித்தவர். தோள்பட்டை எலும்பு முறிந்த பிறகு பந்தயத்தை விட்டுவிட்டார். இப்போது கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில், ரோட்டில் ஓடிய பழைய வண்டிகளைப் பந்தயத் தடத்துக்கான வண்டிகளாக மாற்றிக் கொடுக்கிறார். ஓட்டவும் சொல்லிக் கொடுக்கிறார்.

சொல்லிக் கொடுக்கிறார் என்பது பேச்சுக்குத்தான். அவரிடம் கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது, வேலைதான் கிடைக்கும் என்பார்கள்.

"எதுக்குங்ணா உங்களுக்கு டிராக் வண்டி?"

நாச்சிமுத்து இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போலச் சொன்னான்.

"பத்தொம்பது வயசுல, ஆழியார் ரோட்டுல என் வண்டிச் சத்தம் கேட்டாலே மத்தவன் ஓரங்கட்டுவானுங்க. ரேஸுக்குப் பேரெல்லாம் குடுத்தாச்சு. அன்னிக்குக் காலைல எங்கப்பா சாவிய எடுத்து வேட்டி மடிப்புல சொருகிக்கிட்டாரு. 'மிஷின்ல முகூர்த்தப் பத்திரிகை நிக்குது, போயி வேலையப் பாரு'ன்னாரு. அதோட போச்சு."

"ம்."

"அன்னிக்கு மட்டும் விட்டிருந்தா..."

"விட்டிருந்தா?"

"நான் வேற ஆளுங்க அம்மிணி."

ஜெசிந்தா வேறு ஸ்பேனரை எடுத்தார்.

"இந்த இண்டிகேட்டரைக் கெட்டியாப் புடிங்க. நட்டைக் கழட்டறேன்."

அந்தக் கதையை நாச்சிமுத்து ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். டீக்கடையில் சொல்லியிருந்தான். பத்திரிகை வாங்க வந்த மாப்பிள்ளைகளிடம் சொல்லியிருந்தான். அப்பா காதில் விழும்படியும் சொல்லியிருந்தான்.

அப்பா ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. இன்றும் காலையில் அச்சகத்துக்கு வந்து உட்கார்ந்து பிழை திருத்துவார். அப்பனும் மகனும் பேப்பரைப் பற்றிப் பேசுவார்கள், மையைப் பற்றிப் பேசுவார்கள், முகூர்த்தத் தேதிகளைப் பற்றிப் பேசுவார்கள். வேறெதுவும் பேசுவதில்லை. அன்று சாவி வேட்டி மடிப்புக்குள் போனதிலிருந்து அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாச்சிமுத்து கொட்டகைக்கு வந்துவிடுவான்.

முதலில் கழற்றும் வேலை. முன்விளக்கு போயிற்று. கண்ணாடிகள் போயின. ஸ்டாண்டுகள் போயின. பின்சீட்டில் உட்காரும் பெண்களின் சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க வைத்த கம்பி வலையும், கூடவே அந்தப் பின்சீட்டும் போயின.

"வீட்டுக்காரி எங்க உக்காருவா?"

"பஸ்ல."

ஹாரனை மட்டும் விட மனசு வரவில்லை. அது நல்ல ஹாரன். போன வருசம்தான் மாற்றியது.

"இதாவது இருக்கட்டுமுங்களே?"

"யாரை நகரச் சொல்லப் போறீங்க?"

அவனே கழற்றினான்.

பிறகு மாட்டும் வேலை. கைப்பிடியைத் தாழ்த்தினார்கள். கால்மிதிகளைப் பின்னால் தள்ளி உயர்த்தினார்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் அதிர்வுக் குழாய்களில் கெட்டியான எண்ணெய் ஊற்றினார்கள். எஞ்சின் போல்ட்டுகள் ஒவ்வொன்றின் தலையிலும் துளை போட்டு, கழன்று விழாதபடி கம்பி முறுக்கிக் கட்டினார்கள். ரோட்டில் ஓடிய டயர்கள் போய், விரல் வைத்தால் ஒட்டிக்கொள்கிற மென்மையான டயர்கள் வந்தன.

நாச்சிமுத்து நன்றாகவே வேலை செய்தான். எழுத்துக்கு எழுத்து இடைவெளி பார்த்துப் பழகிய கண். பிரேக் தட்டு ஒரு மயிரிழை கோணியிருந்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஆடியில் தொடங்கிய வேலை மார்கழியில் முடிந்தது.

"வர்ற ஞாயித்துக்கிழமை டிராக்குக்குப் போலாங்ணா" என்றார் ஜெசிந்தா.

நாச்சிமுத்து வண்டியைச் சுற்றி வந்தான்.

"கியர் கொஞ்சம் நீளமா இருக்கறாப்ல தோணுதுங்க. வளைவுல இருந்து கெளம்பறப்போ இழுக்காது."

ஜெசிந்தா பின்சக்கரத்தின் பல்சக்கரத்தை மாற்றிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு.

"பிரேக் லிவர் கைக்கு எட்டலீங்க."

மாற்றிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு பின்பக்க ஸ்பிரிங் கடினமாக இருந்தது. மாற்றினார். அதற்கடுத்த ஞாயிறு சைலன்சரின் கோணம் சரியில்லை. மாற்றினார். பொங்கல் கழிந்து போனபோது டேங்கின் பெயின்ட் அவனுக்குப் பிடிக்காமல் போயிருந்தது.

"பெயின்ட்டா?"

"பாக்கறவங்க என்ன நெனப்பாங்க அம்மிணி?"

பெயின்ட் அடித்தார்கள். நீலம்.

பெயின்ட் காய்ந்த ஞாயிறன்று நாச்சிமுத்து டயரைக் கிள்ளிப் பார்த்தான். பனி இன்னும் விடவில்லை, தரை குளிர்ந்திருக்கும், இந்த டயர் சூடேறாது என்றான். வேறு டயர் சொல்லிவிட்டால் வந்து சேர ஒரு மாசம் ஆகும், பரவாயில்லை என்றான்.

ஜெசிந்தா வேனின் பின்கதவைத் திறந்தார். பலகையைச் சாய்த்தார். வண்டியை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து வேனைக் கிளப்பினார்.

"எங்கீங்க?"

"நீங்க வரணும்னா வாங்க."

நாச்சிமுத்து ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

டிராக்கில் பயிற்சி நாள். பத்துப் பன்னிரண்டு பேர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தா வண்டியை இறக்கினார். ஓரமாகப் போய்த் தோல் உடுப்பை மாட்டிக்கொண்டு வந்தார். அவர் அதை மாட்டி நாச்சிமுத்து பார்த்ததே இல்லை. இடது தோளை மெதுவாகச் சுழற்றிக்கொண்டார். ஹெல்மெட்டைப் போட்டார்.

அவன் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

முதல் சுற்று மெதுவாகப் போனார். இரண்டாவது சுற்றில் நேர்ப்பாதையில் ஒரு நீலக் கோடு தெரிந்தது. வளைவில் முழங்கால் தரையை உரச, வண்டி படுத்தது, எழுந்தது, அடுத்த வளைவுக்குள் போயிற்று. புதிய வண்டிகள் இரண்டை உள்பக்கமாகத் தாண்டியது. பத்திரிகைக் கட்டு சுமந்த வண்டி அது.

நாச்சிமுத்துவுக்கு முதலில் பெருமையாக இருந்தது. கை தட்டலாமா என்றுகூட நினைத்தான். அடுத்த சுற்றில் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

ஜெசிந்தா உள்ளே வந்து எஞ்சினை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"வண்டியில குறை இல்லைங்ணா."

நாச்சிமுத்து பின்பக்க ஸ்பிரிங்கைப் பார்த்தான், சைலன்சரைப் பார்த்தான்.

"டயர் சூடாயிருக்கு. தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்க்கவில்லை. தடுப்புச் சுவரோரம் கிடந்த பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தான்.

"அம்மிணி."

"சொல்லுங்ணா."

"நான் நல்லா ஓட்டலைன்னா?"

"ஓட்டலைன்னா?"

"இத்தனை வருசமா எங்கப்பாகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசாம இருக்கறனுங்க. வாழ்க்கைய கெடுத்துப்போட்டாருன்னு." அவன் உட்கார்ந்திருந்த டயரைக் கிள்ளினான். "அன்னிக்கு விட்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, நான் என்னங்க பண்றது?"

ஜெசிந்தா தன் தோல் கையுறைகளைக் கழற்றினார். அவன் மடியில் போட்டார்.

"உங்களுக்குக் கொஞ்சம் டைட்டா இருக்கும்."

நாச்சிமுத்து கையுறைகளைப் பார்த்தான். உள்ளே இன்னும் சூடு இருந்தது.

வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தான். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தார்.

எழுந்து போய், வேனில் இருந்த வேறொரு தோல் உடுப்பையும் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டான்.

முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது.

மற்றவர்கள் பிரேக்கைத் தொடாத இடத்தில் அவன் கை பிரேக்கைப் பிடித்தது. பிடிக்காதே என்று மனசு சொல்லியும் பிடித்தது. வண்டி படுக்கத் தயாராக இருந்தது. அவன்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ஒருவர் வலதுபக்கம் தாண்டிப் போனார். நேர்ப்பாதையில் இரண்டு பேர் ஒன்றாகத் தாண்டினார்கள். காற்று அறைந்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி, பின்னல் ஹெல்மெட்டுக்கு வெளியே பறக்க, அவனைத் தாண்டிப்போய்த் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இருபத்தேழு வருசம், என்று நினைத்தான். இதுக்கா?

ஆழியார் ரோடு ஞாபகம் வந்தது. அங்கே ஓரங்கட்டியவர்கள் யார் யார் என்று யோசித்துப் பார்த்தான். பால்காரர் ஒருவர். டிவிஎஸ் வண்டியில் தேங்காய் மூட்டை கொண்டுபோகிறவர். குடும்பத்தோடு போன யாரோ.

ஹெல்மெட்டுக்குள் அவனுக்கு அழுகை வந்தது. பாதி அழுகையில் அது சிரிப்பாக மாறியது.

கடைசியாகச் சிவப்பு வண்டிக்காரர் ஒருவர் அவனைக் கடந்து, தூரத்து வளைவில் மறைந்தார்.

நேரம் முடிந்து கொடி ஆட்டினார்கள். எல்லா வண்டிகளும் உள்ளே வந்துவிட்டன. அவன் வண்டி வரவில்லை.

கொடி ஆட்டியவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா கையை உயர்த்தி, பொறுங்கள் என்றார்.

நீல வண்டி இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, ஆடி அசைந்து வந்து சேர்ந்தது.

"கொடி பாக்கலியாங்ணா?"

"பாத்தனுங்க."

நாச்சிமுத்து ஹெல்மெட்டைக் கழற்றினான். தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. முகத்தில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது, ஆனால் கொடி ஆட்டியவர் அதைப் பார்த்து, திட்ட வந்ததை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

"அம்மிணி, என் போனைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

வண்டியில் உட்கார்ந்தபடியே வீட்டுக்கு அடித்தான்.

"அப்பா, சாப்டீங்களா?"

மறுமுனையில் டிவியின் சத்தம் குறைந்தது.

"என்றா ஆச்சு? எங்கிருக்கற?"

"ஒண்ணும் ஆகலீங்கப்பா. சும்மாதான் கேட்டேன்."

"இன்னும் சாப்பிடல."

"இருங்க, நான் வந்தர்றேன். சேந்து சாப்பிடலாம்."

"வெயில்ல வேகமா வராதே" என்றார் அப்பா.

"வேகமா வரமாட்டனுங்கப்பா. நான் வேகமெல்லாம் இல்லீங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அப்பாவும் எதற்கென்று தெரியாமலே லேசாகச் சிரித்தது கேட்டது.

போனை வைத்தான்.

அவன் சிரித்து முடிக்கும்வரை ஜெசிந்தா எஞ்சின் பக்கத்தில் குந்தி, கம்பிக் கட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கெட்டியாக இருந்தன. கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எத்தனை பேர் தாண்டினாங்க?"

"எல்லாருமுங்க."

"அப்புறம்?"

நாச்சிமுத்து டிராக்கைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்புறம் டிராக் காலியா இருந்துச்சுங்க அம்மிணி."