வாழ்நாள் சான்று

திருமலைக்கொழுந்து கருவூல அதிகாரி. சீடர்தான், ஆனால் குருவைவிட ஆறு வயது மூத்தவர். அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

குரு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஐயா, அந்த வீடியோ பார்த்தீங்களா?"

"பார்க்கல. நீங்களே சொல்லுங்க."

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், உயிரோடு இருப்பதை வருடத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து காட்ட வேண்டும். ஒரு மூதாட்டி வந்திருக்கிறார். கம்ப்யூட்டரின்படி அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"உயிரோட இருக்கீங்கன்னு தாள் இல்லாம நான் எப்படிம்மா நம்புறதுன்னு கேட்டுட்டேன். உங்க முன்னாலதானே நிக்கிறேன்னாங்க. வரிசையில நின்ன யாரோ படம் எடுத்துப் போட்டுட்டாங்க."

முப்பது விநாடி வீடியோ. பதினோரு லட்சம் பேர் பார்த்து, வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தார்கள். திருமலைக்கொழுந்தின் மகள் மூன்று நாளாகக் கல்லூரிக்குப் போகவில்லை. மறுநாள் விசாரணை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு டீகூட ஓசியில குடிச்சதில்ல ஐயா. அரசாங்க வேலைன்னா தெய்வமா இருக்கணும்ங்கிறாங்க. பதினோரு லட்சம் பேர்ல ஒருத்தராவது என்னை நேர்ல பார்த்திருப்பாங்களா?"

"நான் என்ன செய்யணும்?"

"நான் நல்லவன்னு விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் கொடுங்க. உங்க வார்த்தைக்கு இந்த ஊர்ல மதிப்பு இருக்கு."

குரு கையைத் துடைத்துக்கொண்டார்.

"கொடுக்கலாம். நீங்க நல்லவர்னு தாள் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"தாளா?"

"தாள் இல்லாம நான் எப்படி நம்புறது?"

திருமலைக்கொழுந்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒன்பது வருஷமா வர்றேன். இதோ, உங்க முன்னாலதானே நிக்கிறேன்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். காலில் செருப்பு இருந்தது அப்போதுதான் தெரிந்தது. வாசலுக்குப் போய்க் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

குரு ஒரு காகிதத்தையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"என் கடிதத்தை அப்புறம் எழுதறேன். முதல்ல நீங்க அந்த அம்மாவுக்கு எழுதுங்க. அவங்க பேர் என்ன?"

திருமலைக்கொழுந்து பேனாவைத் திறந்தார். அன்று அந்த அம்மாவின் படிவம் வெகுநேரம் அவர் கையில்தான் இருந்தது. அதில் ஓய்வூதிய எண்ணை மட்டும்தான் பார்த்திருந்தார்.