வக்கீல் விட்டுவிட்ட வார்த்தைகள்

தவமணி அம்மாவின் ஆசிரமத்தில் சாப்பாட்டுக்கூடத்துக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே வக்கீல் கோமதிநாயகம் வந்து அம்மாவின் எதிரே உட்கார்ந்தார். அம்மாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒன்பது வருடமாகச் சீடர்.

"அம்மா, நாளைக்கு ஒரு வழக்கு. மனசு ஒரு நிலையில் இல்லை."

"சொல்லுங்கள்."

"நான் வாதாடுகிற கட்சிக்காரர் ஓர் அரசியல்வாதி. வடக்கேயிருந்து வேலைக்கு வருகிறவர்களைப் பற்றிக் கூட்டத்தில் பேசினார். 'எச்சில் பொறுக்க வந்த கூட்டம், அடித்து விரட்டினால்தான் நமக்குச் சோறு' என்றார். வன்முறையைத் தூண்டியதாக வழக்கு. நம் பிள்ளைகளுக்கு வேலையில்லை என்கிற ஆதங்கம்தானே அம்மா? நியாயப்படுத்தலாம் இல்லையா?"

"பேச்சு முழுதும் தெரியுமா?"

"மனப்பாடம்."

"தரை போடுகிற ஜதின் ஒடிசாக்காரர். தமிழ் நன்றாகப் புரியும். அவரிடம் அப்படியே பேசிவிட்டு வாருங்கள்."

வக்கீல் தயங்கினார். அம்மா புன்னகைத்தார். வேறு வழியில்லாமல் வக்கீல் எழுந்து போனார்.

"சார், சார்! அங்க கால் வைக்காதீங்க, ஈரம்!" ஜதின் ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்துப் பலகைமேல் நடத்திக் கூட்டிப்போனார். "என்ன சார்?"

வக்கீல் தொண்டையைச் செருமினார். "வடக்கேயிருந்து வந்தவர்கள்..."

"ஆமா சார், நாங்கதான்!" ஜதின் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஆவலோடு நின்றார். ஏதோ நல்ல சேதி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

வக்கீல் குனிந்து, பதிக்காமல் கிடந்த ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து அவர் திரும்பி வந்தபோது வேட்டியெல்லாம் சிமெண்ட்.

"பேசினீர்களா?"

"பேசினேன் அம்மா. நம் பிள்ளைகளுக்கு வேலையில்லை என்றேன். அவர் ஊரிலும் அதே நிலைமைதானாம். அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தாராம். இரண்டு பேரும் சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டினோம். ஒரு வரிசைக் கல் நானே பதித்தேன்."

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியென்றால் பேச்சு முழுதும் சொல்லியாயிற்று?"

"கொஞ்சம் வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டேன்."

"எந்த வார்த்தைகள்?"

"எச்சில்... அடித்து விரட்டுவது... அது மட்டும் வாயில் வரவில்லை அம்மா."

"வழக்கு அந்த வார்த்தைகள் மேல்தானே, வக்கீல் ஐயா?"